உங்கள் ஊரில் ஒரு மாற்று சினிமா அரங்கு: தொடங்க நினைப்பவர்களுக்கு

நல்ல படம் ஒன்றைப் பெரிய திரையில், நாலு பேரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டும். பெரும்பாலான ஊர்களில் இன்றும் இதுதான் நிலைமை. கையில் இருக்கும் போனில் உலகத்துப் படமெல்லாம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் சேர்ந்து பார்ப்பதும் பார்த்தபின் பேசுவதும் போனில் கிடைப்பதில்லை. அதற்கு ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடத்தைத் தங்கள் ஊரில் திறக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அனுபவம் எதுவும் தேவையில்லை. பிடிவாதம் கொஞ்சம் வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தைத் தேடித் தொடங்காதீர்கள். ஒரு கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்து தொடங்குங்கள். "மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை ஐந்து மணி" என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் பாதி அரங்கு எழும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியது 1947இல். அப்போது ராய் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை. அதே நகரத்தில் அரசு 'நந்தன்' திரைப்பட மையத்தைக் கட்டி, ராய் கையால் திறந்தது 1985இல். இடையில் 38 ஆண்டுகள். பார்வையாளர்கள் முதலில் வந்தார்கள், கட்டடம் பிறகுதான் வந்தது.

பெரிய நகரமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கர்நாடகத்தில் ஷிவமொக்கா மாவட்டத்தில் ஹெக்கோடு என்று ஒரு சின்ன கிராமம். 1949இல் அங்கே 'நீநாசம்' என்ற நாடகக் குழு தொடங்கப்பட்டது. கே.வி. சுப்பண்ணா அதை வளர்த்தெடுத்தார். பாக்குத் தோட்ட விவசாயிகள் நிறைந்த அந்த ஊரில் 1970களில் திரைப்படச் சங்கம் நடந்தது, உலக சினிமா காட்டப்பட்டது, சினிமாவைப் பார்ப்பது எப்படி என்று வகுப்புகூட எடுத்தார்கள். சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது. "எங்க ஊர்ல இதெல்லாம் யாருக்குப் புரியும்?" என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஹெக்கோட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆட்களைச் சேர்ப்பது

ஏழு பேர் போதும். ஏழு என்பதற்குக் காரணம் இருக்கிறது: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். முதல் நாளே பதிவு செய்யத் தேவையில்லை. மூன்று நான்கு திரையிடல்கள் நடத்தி, யார் உண்மையிலேயே வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பதிவு ஆகிவிட்டால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம். தூதரகத்துக்கோ கலாச்சார மையத்துக்கோ கடிதம் எழுதினால் மதித்துப் பதில் வரும்.

ஏழு பேரும் சினிமாப் பைத்தியங்களாக இருந்தால் காரியம் நடக்காது. வயரிங் தெரிந்த ஒருவர், கணக்கு எழுதும் ஒருவர், ஊரில் பத்துக் கடைக்காரர்களோடு பழக்கம் உள்ள ஒருவர், கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவர் என்று கலந்து இருக்க வேண்டும். பெண்கள் குறைந்தது மூன்று பேராவது குழுவில் இருக்கட்டும். ஆண்கள் மட்டுமே நடத்தும் திரையிடலுக்குப் பெண்கள் ஒருமுறை வந்துவிட்டு மறுமுறை வராமல் போவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம்.

இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1959இல் உருவானது. ராய்தான் முதல் தலைவர். மண்டல அளவில் இன்றும் இயங்குகிறது. உங்கள் சங்கம் ஓரளவு நிலைபெற்றதும் அதில் சேர்ந்துவிடுங்கள். படங்கள் கிடைக்கும் வழிகளும், ஏற்கெனவே இந்த வேலையைச் செய்பவர்களின் தொடர்பும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

இடம் பார்ப்பது

பள்ளி அரங்கு, கல்லூரியின் சிறு அரங்கு, நூலகத்தின் மாடி, பழைய அரிசி மில், மூடிக் கிடக்கும் தியேட்டரின் பால்கனி என எதுவும் ஆகலாம். கல்யாண மண்டபத்தை மட்டும் கடைசியாக யோசியுங்கள். முகூர்த்த நாளில் உங்களைத் தள்ளிவிடுவார்கள், கிழமை மாறிப்போகும். கிழமை மாறினால் கூட்டமும் கலைந்துவிடும்.

இடத்தைப் பார்க்கப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் போங்கள். பகலில் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, வெளிச்சம் எங்கெங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். மாலைக் காட்சிக்குக்கூட இது முக்கியம், ஏனென்றால் நம் ஊரில் ஆறரை மணி வரை வெளிச்சம் இருக்கிறது. பிறகு அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் உடனே அடங்கினால் நல்லது. சுற்றிச் சுற்றி வந்தால், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும். சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறைகளில் இது பெரிய தலைவலி. கனமான திரைச்சீலைகளைப் பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், நிலைமை நன்றாக மாறும். முட்டை அட்டையை ஒட்டினால் எதிரொலி போய்விடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அதனால் பெரிய பயன் இல்லை, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

இரவில் போகும்போது பார்க்க வேண்டியவை வேறு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு? தெருவிளக்கு எரிகிறதா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா? சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வர முடியுமா? மாடிப்படி மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள். படத்தைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவிடும் யோசனையில் பாதியையாவது கழிப்பறைக்கும் கடைசி பஸ்ஸுக்கும் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டரை மணி நேரப் படம், அதற்குப் பிறகு அரை மணிப் பேச்சு, எட்டரை மணிக்குக் கடைசி பஸ் என்றால், ஐந்தரை மணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே படம் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பில் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் தீ விபத்து நடந்து 59 பேர் இறந்தார்கள். கூடுதலாகப் போட்டிருந்த இருக்கைகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன. இன்னும் பத்துப் பேர் வந்துவிட்டார்கள் என்று நடைபாதையில் ப்ளாஸ்டிக் சேர் போடத் தோன்றும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே போக இரண்டு கதவுகள் வேண்டும். படம் ஓடும் நேரம் முழுக்க இரண்டும் பூட்டாமல் இருக்க வேண்டும். தீயணைப்பான் இருக்க வேண்டும், அதை இயக்கத் தெரிந்த இருவரும் அங்கே இருக்க வேண்டும்.

அனுமதியும் உரிமையும்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

முதலாவது, இடத்துக்கான உரிமம். டிக்கெட் விற்று, நிரந்தரமாக அரங்கு நடத்த வேண்டும் என்றால் தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1955இன்படி உரிமம் வாங்க வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரும் சென்னையில் காவல் ஆணையரும் அதைத் தருகிறார்கள். கட்டடம், மின்சாரம், தீயணைப்பு, சுகாதாரம் எனத் துறைவாரியாகச் சான்று கேட்பார்கள். ஏற்கெனவே உரிமம் உள்ள தியேட்டரில் ஒரு காலைக் காட்சியை வாடகைக்கு எடுத்தால் இந்தச் சுமை உங்கள் தலையில் விழாது. உறுப்பினர்களுக்கு மட்டுமான திரையிடல் என்றாலும், உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்துவிட்டு, என்ன அனுமதி வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே நல்லது.

இரண்டாவது, தணிக்கைச் சான்றிதழ். டிக்கெட் இல்லாமல் இலவசமாகக் காட்டினாலும் பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். யு, யுஏ, ஏ, எஸ் என்ற வகைகள் உண்டு. யுஏ வகை 2024 முதல் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சான்றிதழ் வாங்காத வெளிநாட்டுப் படங்களை விழாவாகக் காட்ட மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்க வேண்டும். கூட்டமைப்பில் இருப்பவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

மூன்றாவது, படத்தின் பதிப்புரிமை. கடையில் வாங்கிய டிஸ்க்கும் ஓடிடி சந்தாவும் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். அரங்கில் காட்ட உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும். இதை ஒரு தடையாக நினைக்க வேண்டாம். தமிழில் சுயாதீனமாகப் படம் எடுப்பவர்கள் பலர், தங்கள் படத்தைப் பார்க்க ஐம்பது பேர் கூடுகிறார்கள் என்றால் சிறு தொகைக்கே சம்மதிப்பார்கள், நேரிலும் வந்து பேசுவார்கள். நெட்ஃப்ளிக்ஸ் தன்னுடைய சில ஆவணப்படங்களைக் கல்வி நோக்கத்துக்காக ஒருமுறை திரையிட அனுமதிக்கிறது. எந்தெந்தப் படம் என்பது அந்தந்தப் படத்தின் பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். சென்னையில் உள்ள அலியான்ஸ் ஃபிரான்சேஸ், கோத்தே நிலையம், ரஷ்ய கலாச்சார மையம் ஆகியவற்றுக்குக் கடிதம் எழுதுங்கள். தங்கள் நாட்டுப் படங்கள் சிறிய ஊர்களுக்கும் போக வேண்டும் என்ற விருப்பம் அவர்களுக்கும் உண்டு. பழைய இந்தியப் படங்களுக்குத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தைக் கேட்கலாம். 1964இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இப்போது அதற்குள்தான் இருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960இல் வெளியான இந்தியப் படம் 2020 முடிவோடு பொதுச் சொத்தாகிவிட்டது. ஐம்பதுகளின் தமிழ்ப் படங்களை நல்ல பிரதியில், பெரிய திரையில், கவனமாக ஒரு வரிசையாகப் பார்க்கிற திட்டத்தை ஏன் யாரும் போடுவதில்லை என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது. வயதானவர்கள் பேரப்பிள்ளைகளோடு வருவார்கள். முதல் ஆறு மாதத் திட்டத்தில் அப்படி ஒரு படமாவது வையுங்கள்.

திரை, ஒளி, ஒலி

முப்பதுக்கு இருபது அடி அறையை எடுத்துக்கொள்வோம். பத்தடி அகலத் திரை சரியாக இருக்கும். முதல் வரிசை திரையிலிருந்து பத்தடி தள்ளி, கடைசி வரிசை இருபத்திரண்டு அடியில். வரிசைக்கு வரிசை மூன்று அடி விட்டால் ஐந்து வரிசை வரும். இரண்டு பக்கமும் மூன்றடி நடைபாதை விட்டு, வரிசைக்கு எட்டு சேர் போட்டால் நாற்பது பேர். தொடக்கத்துக்கு இது தாராளம்.

திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில் இருக்கட்டும். சப்டைட்டில் வருவது அடியில்தான், முன்னால் இருப்பவர் தலை முதலில் மறைப்பதும் அதைத்தான். ஒவ்வொரு வரிசையையும் அரை சேர் தள்ளிப் போடுங்கள். பிறகு நீங்களே கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் உயரமான ஒருவரை உட்காரவைத்து, சப்டைட்டில் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ப்ரொஜெக்டர் வாங்கப் போனால் கடைக்காரர் லூமென் (வெளிச்சத்தின் அளவு) கணக்கைச் சொல்லி விலையை ஏற்றுவார். கணக்கு எளிதுதான். திரையரங்குகளில் வைத்திருக்கும் வெளிச்ச அளவு ஒரு சதுர அடிக்குச் சுமார் 14 லூமென். பத்தடி அகலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 56 சதுர அடி. பெருக்கினால் 800க்குள் வருகிறது. பெட்டியில் 2,500 என்று அச்சிட்டிருந்தாலும் 'சினிமா' மோடில் வைத்தால் பாதியாகக் குறையலாம், விளக்குக்கு வயதாக ஆக இன்னும் குறையும். எனவே இருட்டான அறைக்கு 2,500 போதும். அறை இருட்டாக இல்லையென்றால் 5,000 லூமென் போட்டாலும் கறுப்பு சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அந்தப் பணத்தைக் கறுப்புத் துணியில் போடுங்கள். திரையைச் சுற்றியும் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புத் துணி கட்டினால் படம் சட்டென்று எடுப்பாகத் தெரியும்.

அமைப்புகளில் 'டைனமிக்', 'விவிட்' என்று இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு 'சினிமா'வைத் தேர்ந்தெடுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை அது டிவி சீரியல் மாதிரி ஆக்கிவிடும். பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று அதை இழுத்து நிரப்பாதீர்கள். முகங்கள் எல்லாம் அகன்றுவிடும், இயக்குநர் வைத்த சட்டகம் கெட்டுப்போகும்.

ஒலிக்கு அதிகப் பணம் ஒதுக்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பக்கத்திலேயே, காது உயரத்தில் வையுங்கள். மேடைக்கச்சேரிக்கு வைக்கிற பெரிய பாக்ஸ் வேண்டாம். மின்விசிறிச் சத்தத்தையும் மறந்துவிடாதீர்கள். அமைதியான காட்சிகளை அது விழுங்கிவிடும். ஏசி வைக்க வசதியில்லை என்றால், திரைக்கு அருகில் உள்ள விசிறிகளை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் உள்ளவற்றை மெதுவாக ஓடவிடலாம்.

முதல் நாள் மாலையே முழுப் படத்தையும் அதே லேப்டாப், அதே கேபிள், அதே அறையில் ஓட்டிப் பாருங்கள். பத்து மீட்டருக்கு மேல் நீளமான ஹெச்டிஎம்ஐ கேபிள் பல நேரம் படத்தைத் துண்டு துண்டாக்கும். நீளம் தேவைப்பட்டால் ஃபைபர் வகை வாங்குங்கள். தமிழ் சப்டைட்டில் போடுகிறீர்கள் என்றால் கோப்பு யூனிகோடில், யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் கட்டங்கட்டமாகத்தான் வரும். லேப்டாப்பில் வாட்ஸ்அப் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். யூபிஎஸ் கட்டாயம்.

படம் தேர்ந்தெடுப்பது

நீங்கள் பார்த்ததிலேயே மிகக் கடினமான படத்தை முதலில் காட்டும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். முதல் படம் 90 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். குழந்தைகள் முக்கியப் பாத்திரமாக வரும் ஈரானியப் படங்கள் எந்த ஊரிலும் எடுபடும். அப்பாஸ் கியரோஸ்தமியிலிருந்து தொடங்கலாம். அப்புறம் ராய், மலையாளத்தின் அடூர் கோபாலகிருஷ்ணன், அரவிந்தன், வங்காளத்தின் ரித்விக் கட்டக். குடும்பத்துக்குள் நடக்கும் நுட்பமான மாற்றங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம், ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு நமக்கு அந்நியமாகவே இருக்கமாட்டார். ஆறு மாதத்துக்கான பட்டியலை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். அதில் ஒரு தமிழ் ஆவணப்படம், ஒரு மாலை முழுக்கக் குறும்படங்கள், ஒரு குழந்தைகள் படம் கட்டாயம் இருக்கட்டும்.

கலாச்சார இடமாகவும் அது வளர வேண்டும் என்றால் படம் இல்லாத வாரங்களில் கதவைத் திறந்து வையுங்கள். உள்ளூர் ஓவியர்களுக்கு ஒரு சுவர், புத்தகங்களுக்கு ஓர் அலமாரி, கூத்துக் கலைஞர்களுக்கு ஒரு மாலை. சினிமாவுக்கு வராத கூட்டம் கூத்துக்கு வரும், பிறகு சினிமாவுக்கும் வரும்.

திறப்பு நாள்

அழைப்பிதழில் பதினைந்து பெயர் போட வேண்டாம். ஒருவர் குத்துவிளக்கு ஏற்றட்டும், ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும். பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி எல்லாம் படம் முடிந்தபின். அறிவித்த நேரத்துக்குப் படம் தொடங்க வேண்டும், முக்கிய விருந்தினர் வழியில் இருந்தாலும் சரி. முதல் நாளில் இந்த ஒழுங்கைக் காட்டிவிட்டால் அடுத்த முறை எல்லோரும் நேரத்துக்கு வருவார்கள்.

போஸ்டரை டீக்கடை, சலூன், நூலகம், பேருந்து நிலையம், கல்லூரி நோட்டீஸ் போர்டு என ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவை விட, நேரில் போய்க் கையில் கொடுக்கும் நோட்டீஸுக்குத்தான் ஆள் வருகிறார்கள். முதல் திரையிடலுக்கு இருபது பேர் வந்தால் நல்ல தொடக்கம். வந்தவர்களின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில், அவர்கள் சம்மதத்தோடு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படம் முடிந்ததும்

கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை விளக்கைப் போடாதீர்கள். பிறகு ஐந்து நிமிட இடைவெளி, டீ. போக வேண்டியவர்கள் கூச்சமில்லாமல் போகட்டும். மிச்சமிருப்பவர்கள் வட்டமாக உட்காரலாம்.

நடத்துபவர் தன் கருத்தை முதலில் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எந்தக் காட்சி மனசுல நிக்குது?" என்று கேட்டுத் தொடங்குங்கள். படம் புரிந்ததா என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்வி எல்லோரையும் பரீட்சை எழுதுபவர்களாக்கிவிடும். நிறையப் படித்த ஒருவர் பத்து நிமிடம் தொடர்ந்து பேசும் ஆபத்து எல்லா ஊரிலும் உண்டு. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது. இதுவரை பேசாதவர்களுக்கு முதல் வாய்ப்பு என்ற விதி வைத்துப் பாருங்கள். படம் பிடிக்கவில்லை என்று ஒரு கல்லூரி மாணவி தைரியமாகச் சொல்கிறார் என்றால், உங்கள் அரங்கு நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

பணம்

ஆண்டுச் சந்தாதான் நம்பகமான வழி. உதாரணத்துக்கு, அறுபது உறுப்பினர்கள் ஆளுக்கு 500 ரூபாய் தந்தால் 30,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் ஒரு திரையிடலுக்கு 2,500. அறை வாடகை இல்லாமல் கிடைத்தால் படத்தின் கட்டணம், அச்சு, டீ எல்லாம் இதற்குள் அடங்கும். மாணவர்களுக்குச் சந்தாவைக் குறையுங்கள். ப்ரொஜெக்டரை முதல் ஆண்டு வாடகைக்கே எடுங்கள்.

பெரிய நன்கொடையாளர் ஒருவரை நம்பி இருப்பதைவிடச் சின்னத் தொகை தரும் நூறு பேர் மேல். கேரளத்தில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் 'ஒடேசா' என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி ஒரு முழுநீளப் படமே எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு திரையிடலுக்கும் வரவு செலவை எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள். கேள்வி கேட்கும் முன்பே பதில் இருந்தால் அடுத்த ஆண்டு சந்தா தானாக வரும்.

ஓர் ஆண்டு ஒரு மாதமும் தவறாமல் நடத்தி, சராசரியாக நாற்பது பேர் வருகிறார்கள் என்றால் நிரந்தர இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம். அப்போது கட்டடப் பொறியாளர் ஒருவரையும், ஏற்கெனவே தியேட்டர் நடத்தும் ஒருவரையும் அழைத்து உட்காரவைத்து, 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தம் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு இருக்கட்டும், ஒலிக்காகச் சுவரில் செய்யும் வேலைகளுக்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் அதிலேயே இடம்பெறட்டும்.